உள்நாட்டு விவகாரமாம்!

டெல்லியில் சர்வதேச உறவுகள் எம்.ஏ. படிக்கிறான் எங்க சேரிப் பையன். லீவுக்கு வந்தவன் சொன்னான்: ‘அண்ணே, தென்னாப்பிரிக்க நிறவெறி பத்தி மூணு வாரம் பாடம். நான் சாதியும் ஐ.நா.வும்னு கட்டுரை எழுதறேன்னேன். அது உள்நாட்டு விவகாரம், இந்தத் துறைக்கு எதுக்குன்னுட்டாரு வாத்தியாரு.’ ஆனா ஹாஸ்டல்ல முதல் நாளே, ‘முழுப் பேரு என்ன, எந்த கோட்டா?’ன்னு கேட்டுட்டானுங்க. அங்கே மட்டும் சாதி பாடத்திட்டத்தில் இருக்கிறது.

வாத்தியார் மறைத்த பாடத்தை நாம் சொல்வோம். 1946இல் தென்னாப்பிரிக்க இந்தியர்களுக்காக ஐ.நா.வில் முறையிட்டது இந்தியா. ‘உள்நாட்டு விவகாரம்’ என்றது வெள்ளை அரசு. இந்தியா ஏற்கவில்லை. 1965 இனப்பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கையில் ‘வம்சாவளி’ என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னதும் இந்தியாதான். 2001இல் டர்பன் மாநாட்டுக்குத் தலித்துகள் சாதியைக் கொண்டுபோனபோது அதே இந்தியா என்ன சொன்னது? சாதி இனமல்ல, அது உள்நாட்டு விவகாரம்! வெள்ளையனிடம் வாங்கிய பதிலை நம்மிடம் திருப்பிச் சொன்னது. வம்சாவளியில் சாதியும் அடங்கும் என்று 2002இல் ஐ.நா. குழுவே எழுதிவிட்டது.

2022இல் இன்னொரு அடி. வெளிநாட்டில் படிக்கத் தலித் மாணவருக்கு ஒன்றிய அரசு தரும் உதவித்தொகையில், இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுக்கு இடமில்லை என்று விதி போட்டார்கள். உலகத்தைப் படி, உன் தெருவைப் படிக்காதே! பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா போன அம்பேத்கர், 1916இல் அங்கே வாசித்த கட்டுரை இந்தியச் சாதிகளைப் பற்றியது. இந்த விதி அன்றைக்கு இருந்திருந்தால்?

தம்பி, அந்தக் கட்டுரையையே எழுது. மார்க்கைக் குறைச்சா குறைக்கட்டும். எதுக்குக் குறைச்சேன்னு எழுத்துல கேட்டு வாங்கு.