கைக்கும் பந்துக்கும் இடையே

பின்பால் விளையாட்டை அறியாத நண்பர்களுக்காக ஒரு சிறு அறிமுகம். சாய்வான மேசையொன்றில், கண்ணாடிக்கு அடியில், ஓர் எஃகுப் பந்து மேலிருந்து கீழே உருண்டு வருகிறது. அது அடியிலுள்ள பள்ளத்தில் விழுந்துவிடாதபடி, பெட்டியின் இருபக்கப் பொத்தான்களை அழுத்தி, ஃப்ளிப்பர் எனப்படும் துடுப்புகளால் அதை மேலே அடித்துக்கொண்டிருக்க வேண்டும். இன்று மேலைநாடுகளில் இதை வீட்டிலேயே செய்துகொள்வோர் பலர். மரப்பெட்டிக்குள் ஒரு திரையைப் படுக்கவைத்து, கணினியைக் கொண்டு பந்தை ஓடவிடுகிறார்கள். ராண்டி டேவிஸ் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட விஷுவல் பின்பால் என்னும் மென்பொருள் இதற்குப் பெரிதும் வழி திறந்தது.

இவர்களுடைய பேச்சில் பெரும்பகுதி திரையைப் பற்றியது. பொத்தான்கள் கடைசியில், கையில் மிஞ்சிய காசில் வாங்கப்படுகின்றன. இந்த வரிசை தலைகீழானது என்பதே நம் கட்சி.

காரணம் அந்த விளையாட்டின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1942இல் நியூயார்க் நகரம் பின்பாலைச் சூதாட்டம் என்று தடை செய்தது. மேயர் லகார்டியா இயந்திரங்களைச் சம்மட்டியால் உடைப்பித்தார். அன்று ஃப்ளிப்பர் இல்லை. பந்தைச் செலுத்திய பிறகு ஆடுபவரால் பெட்டியைச் சற்று அசைத்துப் பார்க்கத்தான் முடியும். 1947இல் காட்லீப் நிறுவனம் ஹம்டி டம்டி என்னும் இயந்திரத்தில் ஃப்ளிப்பரையும் அதை இயக்கும் பொத்தானையும் கொண்டுவந்தது. 1976இல் ரோஜர் ஷார்ப் நகர மன்றக் குழுவின் முன் ஆடிக் காட்டினார். பந்து எந்த வழியில் இறங்கும் என்று முன்கூட்டியே சொல்லி, உந்துகோலை இழுத்துவிட்டார். பந்து சொன்னபடியே சென்றது. தடை நீங்கியது. அதிர்ஷ்டம் என்று கருதப்பட்ட ஒன்று திறமை என்று நிறுவப்பட்டது, கைக்கும் பந்துக்கும் இடையிலான தொடர்பு நம்பகமானதாக இருந்ததால்தான்.

வீட்டுப் பெட்டியில் பந்து இல்லை, மேசை இல்லை. எல்லாம் கணக்கும் ஒளியும். மெய்யாக எஞ்சியிருப்பது விரலும் பொத்தானுமே. அதில் சிக்கனம் செய்தால் மிச்சம் என்ன?

மலிவான பொத்தான்களில் இருப்பது மைக்ரோசுவிட்ச். அழுத்தினால் 'கிளிக்' என்கிறது. இணையும் புள்ளியும் விடுபடும் புள்ளியும் ஒன்றல்ல. மெல்லத் தட்டி, உடனே விட்டு, பந்தை ஒரு துடுப்பிலிருந்து மறு துடுப்புக்கு அனுப்ப விரும்புபவருக்கு இந்த இடைவெளி இடையூறு. பழைய இயந்திரங்களிலுள்ள இலைச் சுவிட்சில் இரண்டு உலோகத் தகடுகள் சத்தமின்றித் தொடுகின்றன; தகட்டை வளைத்து இடைவெளியை நம் விரலுக்கேற்ப வைத்துக்கொள்ளலாம். ஆனால் பழைய இயந்திரத்திலிருந்து கழற்றியதை அப்படியே மாட்டுவதும் பிழை. சுருளின் பெருமின்னோட்டத்தைத் தாங்குவதற்கான டங்ஸ்டன் முனைகள், கணினிப் பலகையின் சிறு மின்னோட்டத்தில் சில வேளை தொட்டும் தொடாதவையாகிவிடும். இதற்குத் தங்கப்பூச்சு முனைகளே ஏற்றவை.

பொருத்துவதிலும் பொறுமை தேவை. பக்கப்பலகை 18 மில்லிமீட்டர் தடிமன் என்றால், பொத்தானின் மரைக்கழுத்து உட்புறம் எட்டாமல் போகலாம். உள்ளிருந்து அகலமாகக் குடைந்தால்தான் மரைவளையம் பிடிக்கும். துளையிடும்போது பின்னால் ஒரு கழிவுப் பலகையை இறுக்கிவைக்காவிட்டால் ஒட்டுப்பலகை சிம்பாகப் பெயரும். இருபக்கத் துளைகளும் ஒரே அட்டை அளவின்படி அமைய வேண்டும். அரை அங்குலம் ஏறியிறங்கினால் கண் மன்னிக்கும், மணிக்கட்டு மன்னிக்காது.

கம்பியிணைப்பு எளிமையானதே. ஒவ்வொரு பொத்தானிலிருந்தும் ஒரு கம்பி யூஎஸ்பி பலகையிலுள்ள தனி இடத்துக்குச் செல்கிறது. மற்றொரு முனையைப் பொதுக் கம்பி ஒன்று பொத்தானுக்குப் பொத்தான் தொட்டுச் செல்கிறது. அந்தச் சங்கிலியில் ஒரு பற்றவைப்பு விட்டால், அதற்கப்பாலுள்ளவை எல்லாம் ஒருசேர ஊமையாகும். பொதுக் கம்பியின் கடைசி முனையையும் பலகைக்கே கொண்டுவந்து வளையமாக்கிவிட்டால், ஓரிடத்தில் அறுந்தாலும் ஆட்டம் நிற்காது. பொத்தானுக்குள் விளக்கிருந்தால் அதன் 12 வோல்ட் கம்பி வேறு நிறத்தில், வேறு வழியில் செல்லட்டும்; அது சுவிட்சின் கம்பியோடு கலந்தால் பலகை கருகும். ஒவ்வொரு கம்பிக்கும் பெயர்ச்சீட்டு ஒட்டுவது, நாளை பெட்டியைத் திறக்கப்போகும் இன்னொருவருக்கு நாம் காட்டும் மரியாதை.

இவையெல்லாம் அற்பமானவை என்று நண்பர்கள் சிலர் சொல்லக்கூடும். நாம் அப்படி எண்ணவில்லை. திறமையின் விளையாட்டு தோற்றவருக்கு ஓர் உரிமையைத் தருகிறது: "தவறு என்னுடையது" என்று சொல்லும் உரிமை. அதைச் சொல்ல முடிந்தவரே மறுமுறை திருத்தி ஆடுகிறார். பொத்தான் சில வேளை கேட்டும் சில வேளை கேளாமலும் இருந்தால், பந்து விழுந்தது நம்மாலா கம்பியாலா என்று தெரியாது; ஆட்டம் மறுபடி 1942க்கே, அதிர்ஷ்டத்துக்கே, திரும்பிவிடுகிறது. ஆகவே பெட்டி செய்ய முனைவோர் முதலில் இரண்டு நல்ல பொத்தான்களை வாங்கட்டும். திரை சற்றுப் பழையதாக இருந்தாலும் பாதகமில்லை.