இரைச்சலுக்கும் விலை

காந்த நாடாவின் இரைச்சலையும் லேசான தள்ளாட்டத்தையும் ஒழிக்க ஒலிப்பதிவாளர்கள் பல்லாண்டு பாடுபட்டார்கள். இன்று அவற்றையே காசு கொடுத்து வாங்கி, கம்ப்யூட்டர் மூலம் பாட்டில் சேர்க்கிறார்கள். 1967ல் வெளிவந்த பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்' இசைத்தொகுப்பு, லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவில் ஸ்டூடர் ஜே37 இயந்திரத்தில் பதிவானது. அந்த இயந்திரத்தின் குணத்தை நகலெடுக்கும் மென்பொருளை வேவ்ஸ் நிறுவனம் 2013ல் வெளியிட்டது.

வெறும் பழமை மோகமல்ல இது. ஒலி எல்லை மீறினால் டிஜிட்டல் சட்டென்று வெட்டிவிடும். நாடாவோ மெல்ல அமுக்கும்; குரலில் கதகதப்பு கூடும்.

அசல் நாடாக்களின் கதி? கொச்சியை ஒட்டிய கும்பளங்கி போன்ற காயலோர ஊர்களில் ஈரக்காற்றே அவற்றுக்கு எமன். பூஞ்சை படரும், பசை இளகிச் சுருள் ஒட்டிக்கொள்ளும். பக்கத்து மட்டாஞ்சேரியில், கல்யாண வீடுகளில் பாடிப் புகழ்பெற்ற மெஹபூப் 1981ல் மறைந்தார். அத்தகைய கச்சேரிகளை யாராவது நாடாவில் பிடித்து வைத்திருந்தால், டிஜிட்டலுக்கு மாற்ற இனியும் தாமதிக்கக் கூடாது. மென்பொருள் நாடாவின் குணத்தைத் தரும். அதில் பதிந்திருந்த குரலைத் தராது.