சூயஸ் விழுங்கிய பெயர்



பிரிட்டிஷ் பிரதமர்களைப் பற்றிப் பேச உட்கார்ந்தால், பேச்சு எப்படியும் ஒரு போரில் போய்த்தான் நிற்கிறது. டோனி பிளேர் என்றதும் இராக். குறைந்தபட்ச ஊதியச் சட்டமும், 1998-ல் வட அயர்லாந்தில் கண்ட சமரசமும் அப்புறம்தான். தாட்சருக்கோ ஃபாக்லாந்து கைகொடுத்தது. 30 லட்சம் பேர் வேலையில்லாமல் இருந்த 1982-ல் நடந்த 74 நாள் போர் அது. மறு வருடமே 144 இடப் பெரும்பான்மையோடு ஜெயித்தார். எதிர்த்தரப்பு இரண்டாக உடைந்து கிடந்ததும் உதவியது. அதை ஏனோ பலர் சொல்வதில்லை.

எனக்கு வருத்தம் தருபவர் ஆண்டனி ஈடன். 1938-ல் இத்தாலியின் முசோலினியோடு ஒத்துப்போக அவசரப்பட்ட பிரதமர் சேம்பர்லினிடம் வெளியுறவு அமைச்சர் பதவியை உதறிவிட்டு வந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் பாரசீகமும் அரபியும் படித்தவர். 1956 ஜூலையில் எகிப்து அதிபர் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கியதும், அவர் கண்ணுக்கு நாசர் இன்னொரு முசோலினியாகவே தெரிந்தார். அக்டோபரில் பாரிஸ் அருகே செவ்ர் என்ற ஊரில் ரகசியப் பேச்சு. இஸ்ரேல் எகிப்தைத் தாக்க வேண்டியது, சண்டையை விலக்கி விடுபவர்கள் போலப் பிரிட்டனும் பிரான்ஸும் உள்ளே நுழைய வேண்டியது. இந்த ஏற்பாடு தாளில் ஏறிக் கையெழுத்தும் ஆகிவிட்டது என்று கேட்டதும் ஈடன் பதறிப்போனார். பிரதிகளை அழிக்கச் சொல்லி மறுநாளே அதிகாரிகளைப் பாரிஸுக்குத் திருப்பி அனுப்பினார். பிரெஞ்சுக்காரர்கள் மசியவில்லை, இஸ்ரேலின் பிரதி அதற்குள் ஊர் போய்ச் சேர்ந்திருந்தது.

அமெரிக்க அதிபர் ஐசனோவர் கடுமை காட்ட, பவுண்டு ஆட்டம் காண, திட்டப்படி உள்ளே நுழைந்த படை பாதியிலேயே நின்றது. டிசம்பர் 20 அன்று, இஸ்ரேல் தாக்கப்போவது முன்கூட்டித் தெரியாது என்று நாடாளுமன்றத்தில் சாதித்தார் ஈடன். ஜனவரியில் உடல்நிலையைச் சொல்லி விலகினார். 1938-ன் நேர்மை இன்று யாருக்கு ஞாபகம்?

போருக்குப் போகாதவர் கதை இன்னும் வேடிக்கை. வியட்நாமுக்கு ஒப்புக்காவது கொஞ்சம் படை அனுப்பச் சொல்லி அமெரிக்க அதிபர் ஜான்சன் நெருக்கியும், ஹரால்டு வில்சன் அசையவில்லை. ஆனால் வாயளவில் அமெரிக்காவை ஆதரித்தார். அதனால் வாஷிங்டனிலும் மனக்கசப்பு, சொந்தக் கட்சி இடதுசாரிகளிடமும் வசை. ஆஸ்திரேலியா படை அனுப்பி, 500-க்கும் மேற்பட்டவர்களை வியட்நாமில் இழந்தது. நான்கு பொதுத் தேர்தல்களில் வென்ற வில்சனைப் பற்றி நம் பத்திரிகைகளில் விரிவாக யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. உங்களில் யாராவது எழுதுவதானால், பக்கம் ஒதுக்கித் தருகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்