ஒரே ஸ்வரம், மூன்று கார்டுகள்

ஜாஸில் 'ஸ்டாண்டர்ட்' எனப்படுவது, முன்பின் அறியாத நான்கு கலைஞர்கள்கூட ஒத்திகையின்றிச் சேர்ந்து வாசிக்கக்கூடிய பொதுப்பாடல். இவற்றில் பல பிராட்வே இசை நாடகங்களுக்காக எழுதப்பட்டவை. ஜெரோம் கெர்ன் இசையமைத்து ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் எழுதிய 'ஆல் த திங்ஸ் யூ ஆர்' 1939இல் 'வெரி வார்ம் ஃபார் மே' நாடகத்தில் வந்தது. நாடகம் 59 காட்சிகளோடு நின்றுபோயிற்று. பாடல் இன்றும் ஓயவில்லை. அதன் ஹார்மனிதான் காரணம்.

பாடல் ஏ ஃப்ளாட் மேஜரைச் சேர்ந்தது. ஆனால் எஃப் மைனரில் தொடங்குகிறது. அங்கிருந்து பி ஃப்ளாட், ஈ ஃப்ளாட், ஏ ஃப்ளாட், டி ஃப்ளாட் என்று கார்டுகளின் (சேர்ந்தொலிக்கும் ஸ்வரத் தொகுதிகளின்) அடிஸ்வரம் நகர்கிறது. ஒவ்வொரு நகர்வும் ச-விலிருந்து சுத்த மத்யமத்துக்கு உள்ள தூரம். இந்தக் கணக்குப்படி அடுத்து ஜி ஃப்ளாட் வரவேண்டும். கெர்ன் அங்கே ஜி செவன்த்தை வைத்து, பாடலை சி மேஜருக்குத் திருப்பிவிடுகிறார். அடுத்த எட்டு பாரில் அதே மெட்டு கீழே இறங்கி, சி மைனரில் தொடங்கி ஜி மேஜரில் முடிகிறது. முதல் ஏழு பாரிலும் மெட்டு வந்து நிற்கும் ஸ்வரம் அந்தந்தக் கார்டின் மூன்றாவது ஸ்வரம். கார்டு மைனரா மேஜரா என்று சொல்வது அந்த ஸ்வரம்தான். அதனால், துணைக் கருவி ஏதுமின்றி மெட்டை மட்டும் பாடினாலும் கார்டுகள் காதில் விழுகின்றன.

நடுப்பகுதியின் முடிவு இன்னும் நுட்பமானது. ஈ மேஜர் ஒலிக்கும்போது மெட்டு ஜி ஷார்ப்பில் நிற்கிறது. அடுத்த பாரில் கார்டு சி செவன்த் ஆகிறது; மெட்டு அசைவதில்லை. அதற்கடுத்து எஃப் மைனர், அதாவது பாடலின் தொடக்கக் கார்டு திரும்பி வருகிறது. அப்போதும் அதே ஸ்வரம், ஏ ஃப்ளாட் என்ற பெயரில். ஒலி ஒன்றுதான், அடியில் இருப்பவை மூன்று. ஆதாரம் மாறினால் ஸ்வரத்தின் குணமே மாறும் என்பது கிரகபேதம் கேட்டுப் பழகிய காதுக்குப் புதிதல்ல.

மனோதர்மத்துக்கான பாதை இங்கேதான் கிடைக்கிறது. ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு ஸ்கேல் என்று கற்பிப்பது இன்று பரவலான வழக்கம். அது விரலுக்கு வேலை தரும், பாட்டைத் தராது. கார்டுகளின் மூன்றாம், ஏழாம் ஸ்வரங்களைப் பின்தொடர்வதே மேல். பி ஃப்ளாட் மைனர் செவன்த்தில் ஏழாம் ஸ்வரம் ஏ ஃப்ளாட். அது அரைஸ்வரம் இறங்கி ஜி ஆனால் ஈ ஃப்ளாட் செவன்த்தின் மூன்றாம் ஸ்வரம். அந்தக் கார்டின் ஏழாவதான டி ஃப்ளாட் அரைஸ்வரம் இறங்கினால் ஏ ஃப்ளாட் மேஜரின் மூன்றாவதான சி. இப்படி பாருக்கு ஒரு ஸ்வரம் மட்டும் மெதுவாக வாசித்தாலே, கேட்பவருக்குப் பாடல் எங்கே போகிறது என்று புரியும். வேகமும் அலங்காரமும் அதன் மேல் ஏறவேண்டியவை.

சாக்ஸஃபோன் கலைஞர் சார்லி பார்க்கர் 1947இல் பதிவு செய்த 'பேர்ட் ஆஃப் பாரடைஸ்' இதே கார்டு வரிசைதான். கெர்னின் மெட்டை எடுத்துக்காட்டாமலே அவர் நேரே தன் கற்பனைக்குள் இறங்குகிறார். ஹார்மனி உள்ளே ஊறியவருக்கே அந்தத் துணிவு வரும்.

ஆல்டோ சாக்ஸஃபோன் கலைஞர் லீ கோனிட்ஸ் இந்தப் பாடலைப் பல பதிற்றாண்டுகள் வாசித்தவர். மெட்டிலிருந்து சிறிது சிறிதாக விலகிச் செல்லப் பத்துப் படிகளை அவர் வகுத்தார். முதல் படி, பாடலை எழுதியபடியே வாசிப்பது.