மயக்க மருந்துக்கு ஒரு நூலகம்

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் ஸ்வீட் பாக்கெட் சர்ஜனுக்குத்தான் போகிறது. நோயாளியின் தலைமாட்டில் நின்று மூச்சையும் நாடியையும் கவனித்த மயக்க மருந்து டாக்டரின் பெயரைக் கேட்டால், நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது. அந்தத் துறைக்கென்றே அமெரிக்காவில் ஒரு நூலகமும் அருங்காட்சியகமும் உண்டு.

நியூயார்க்கைச் சேர்ந்த மயக்க மருந்து நிபுணர் பால் மேயர் வுட், தம் துறையின் பழைய நூல்களையும் உபகரணங்களையும் ஆண்டுக்கணக்காகச் சேர்த்து வந்தார். இல்லினாய் மாநிலத்தின் பார்க் ரிட்ஜில் அவற்றுக்கு ஒரு கட்டிடம் அமைந்தது 1963-ல். அவர் காலமானதும் அதே ஆண்டில்தான். இன்று வுட் நூலகம், 2014-ல் இடம் மாறி, ஷாம்பர்க் நகரில் இயங்குகிறது. மூத்த நிபுணர்களைப் பேச வைத்து, அந்தப் பேட்டிகளைப் படமெடுத்தும் வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு எதற்கு என்று தோன்றலாம். ஜார்ஜியாவில் கிராஃபோர்டு லாங் என்ற டாக்டர் 1842 மார்ச் 30 அன்றே ஈதர் கொடுத்துக் கட்டி அகற்றினார். ஆனால் அதை எழுதி வெளியிட்டது 1849-ல். அதற்குள், 1846 அக்டோபர் 16-ல் பாஸ்டன் மருத்துவமனையில் பலர் முன்னிலையில் ஈதர் கொடுத்துக் காட்டிய பல் மருத்துவர் மார்ட்டன் பெரும் புகழ் அடைந்துவிட்டார். செய்தால் மட்டும் போதவில்லை, பாருங்கள்.

சரி, அமெரிக்காவை விடுவோம். நாம் குடியேறி வாழும் இந்த ஹைதராபாத்துக்கும் இந்தக் கதையில் பெரிய பங்கு உண்டு. குளோரோஃபார்ம் கொடுத்த சிலர் திடீரென்று இறந்தார்கள். இதயம் முதலில் நிற்கிறதா, மூச்சு முதலில் நிற்கிறதா என்று உலகமே சண்டையிட்டது. இங்கிருந்த ரெசிடென்ஸி சர்ஜன் எட்வர்டு லாரி, மூச்சுத்தான் என்றார். நிஜாம் மஹபூப் அலி கான் பணம் கொடுத்தார்; 1888, 1889 ஆண்டுகளில் இரண்டு கமிஷன்கள் நடந்தன. லண்டனிலிருந்து லாடர் பிரண்டன் வந்து, நூற்றுக்கணக்கான விலங்குகளைச் சோதித்து, லாரி சொன்னதே சரி என்றார். அது தவறு. மயக்கம் லேசாக இருக்கும்போதே குளோரோஃபார்ம் இதயத்தை நிறுத்தக்கூடும் என்று 1911-ல் குட்மன் லெவி காட்டினார்.

தோற்ற ஆராய்ச்சியை எதற்குப் பாதுகாக்க வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அதைத்தான் முதலில் பாதுகாக்க வேண்டும் என்பது என் கட்சி. இத்தனை விலங்குகளைச் சோதித்தும் முடிவு ஏன் பிசகியது என்பதை இளம் டாக்டர்கள் வேறு எங்கே படிப்பார்கள்?

அந்தக் காலத்தில் இந்நகரில் குளோரோஃபார்ம் கொடுக்கும் பணியில் இருந்த ரூபாபாய் ஃபர்தூன்ஜியை, உலகின் முதல் பெண் மயக்க மருந்து நிபுணர் என்று பலர் எழுதுகிறார்கள். அப்பேர்ப்பட்டவரின் வாழ்க்கை பற்றிக் கிடைக்கும் குறிப்புகளோ சொற்பம்.

ஆயுர்வேதம், சித்தம், யுனானி ஆகியவற்றின் வரலாற்றுக்கு மத்திய அரசின் நிறுவனம் ஒன்று இங்கேயே இருக்கிறது, நல்ல காரியம். லாரிக்கும் ரூபாபாய்க்கும் உஸ்மானியாவில் ஒரு அறையாவது ஒதுக்கி, அவர்கள் காலத்து அறிக்கைகளின் பிரதிகளையும் கருவிகளையும் வைக்கலாம். அந்தப் பழைய கட்டிடத்தைப் பற்றி எவ்வளவோ பேசுகிறோம். காகிதங்களைப் பற்றியும் பேச வேண்டும்.

நம் சங்கக் குடும்பங்களிலும் ஓய்வு பெற்ற டாக்டர்கள், நர்ஸ்கள் இருக்கிறார்கள். வீடு மாறும்போது அவர்களுடைய நோட்டுப் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடுகிறோம். நோயாளிகளின் பெயருள்ள தாள்களைப் பத்திரமாகத் தனியே பிரித்துவிட வேண்டும். அது வேறு விஷயம். மற்றதை ஒரு பெட்டியில் போட்டு, யாருடையது, எந்த மருத்துவமனை, எந்த ஆண்டுகள் என்று மேலே எழுதி வையுங்கள். தாத்தா பாட்டி பேசுவதைப் பேரப்பிள்ளைகள் செல்போனிலேயே பதிவு செய்யலாம். பதிவு தமிழில் இருந்தாலும் பாதகமில்லை.