எல்லாம் அடக்கம்... அப்பளம் தவிர!



காலேஜ் வாசல் மெஸ்ல ‘அன்லிமிடெட் மீல்ஸ்’ போர்டு பார்த்திருப்பீங்க. சாதம், சாம்பார், ரசம்... எத்தனை தடவை கேட்டாலும் வாளியோட ஓடி வருவாங்க. ரெண்டாவது அப்பளம் கேட்டுப் பாருங்க. சர்வர் அண்ணன் முகம் மாறும். ‘‘அப்பளம் எக்ஸ்ட்ரா தம்பி!’’ம்பார். ஆம்லெட்? அது தனி பில். போர்டுல பொய்யே இல்லை. மீல்ஸ் அன்லிமிடெட்தான். அப்பளம் அந்தக் கணக்குல வராது, அவ்வளவுதான்!

இந்த அப்பளத் தத்துவத்தை மனசுல வெச்சுக்கங்க. ஏன்னா இந்த வாரம் நாம போறது மொரிஷியஸுக்கு... கோல்ஃப் ஆட!

‘‘கோல்ஃபா? நான் ஹாஸ்டல் மொட்டை மாடியில டென்னிஸ் பால் கிரிக்கெட் ஆடறவன்’’னு நெளியாதீங்க. நீங்க ஆட வேணாம். பிளான் போட்டா போதும். படிப்பு முடிஞ்சு முதல் வேலை. டிராவல் கம்பெனியா இருக்கலாம், ஏதோ ஒரு ஆபீஸ் அட்மின் செக்‌ஷனா இருக்கலாம். சேர்ந்து மூணு மாசம்கூட ஆகலை. மேனேஜர் கூப்பிடறார். ‘‘எட்டு பேர். ஏழு ராத்திரி. மொரிஷியஸ். ஆறு பேர் கோல்ஃப் ஆடுவாங்க, ரெண்டு பேர் சும்மா வர்றாங்க. எல்லாம் ஆல் இன்க்லூசிவா இருக்கணும். நாளைக்குக் காலையில டேபிள்ல பிளான் வேணும்.’’

நீங்க நெட்ல தட்டுறீங்க. ‘ஆல் இன்க்லூசிவ் கோல்ஃப் பேக்கேஜ்’னு பளபளன்னு வந்து விழுது. அப்படியே காப்பி பேஸ்ட் பண்ணி அனுப்பிடலாம்னு தோணும். நிறுத்துங்க!

நானும் ஒரு காலத்துல அப்படி அனுப்பினவன்தான். ஏர்போர்ட் பிக்கப் உண்டுன்னு பேக்கேஜ்ல இருந்துச்சு. வேனும் டாண்ணு வந்துச்சு. ஆட்கள் ஏறி உட்கார்ந்தாங்க. கோல்ஃப் பைகள் மட்டும் ரோட்டுல நின்னுச்சு! ஒரு பையில 14 மட்டை வரைக்கும் இருக்கும். கிட்டத்தட்ட ஒரு ஆள் உயரம். பிக்கப் ஆளுக்குத்தான், பைக்கு இல்லையாம். ராத்திரி நேரத்துல போன்ல நான் வாங்கின திட்டு இருக்கே... அந்த மாசச் சம்பளத்தைவிட அது பெருசு.

அதனால நான் கத்துக்கிட்ட பாடம் ஒண்ணே ஒண்ணு. ‘எல்லாம் அடக்கம்’னு எங்கே பார்த்தாலும் ‘எது அடக்கம் இல்லை’னு கேளுங்க. பிளான் போடறதுங்கறதே அதுதான்.

பாசிமணி காலத்துக் கதை

இந்த ஆல் இன்க்லூசிவ் சமாசாரத்தைப் பிரபலமாக்கினது கிளப் மெட். 1950-ல ஸ்பெயினோட மயோர்கா தீவுல கூடாரம் போட்டு ஆரம்பிச்சாங்க. தங்கறது, சாப்பாடு, விளையாட்டு எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே காசு. பர்ஸையே மறந்துடலாம். ஆனா பார்ல ஒரு டிரிங்க்ஸ் வேணும்னா? கழுத்துல மாட்டியிருக்கற மணிமாலையிலேருந்து ரெண்டு மணியைக் கழட்டித் தரணும். அந்த மணியைக் காசு கொடுத்துத்தான் வாங்கணும்! பார்த்தீங்களா, இந்த ஐடியா சின்னப் பிள்ளையா இருந்தப்பவே அப்பளம் எக்ஸ்ட்ராதான்!

சரி, மேட்டருக்கு வருவோம்

ஒரு பேப்பர் எடுங்க. நடுவுல கோடு. இடப்பக்கம் ‘உள்ளே’, வலப்பக்கம் ‘வெளியே’. இப்போ ஒவ்வொண்ணா கேள்வி.

முதல் கேள்வி, எப்போ போறாங்க? மொரிஷியஸ் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கு. நம்ம மே மாசம் மண்டை காயும்போது அங்கே குளிர்காலம் தொடங்குது. ஜனவரி முதல் மார்ச் வரைக்கும் மழையும் புயலும். ‘விலை கம்மி’னு அப்போ புக் பண்ணிட்டு ரூம்ல உட்கார்ந்து கேரம் ஆடக் கூடாது. ஜூலை, ஆகஸ்ட்ல தென்கிழக்குக் காத்து கிழக்குக் கரையை விளாசும். கோல்ஃப் பந்துக்கும் காத்துக்கும் ஏழாம் பொருத்தம். மே, இல்லேன்னா செப்டம்பர் - நவம்பர்... ரெண்டுல ஒண்ணு நல்லது.

ரெண்டாவது கேள்வி, எத்தனை ரவுண்டு? ஒரு ரவுண்டுன்னா 18 குழி, நாலு மணி நேரத்துக்கு மேல ஆகும். ‘அன்லிமிடெட் கோல்ஃப்’னு போட்டிருந்தா உஷார். முதல் ரவுண்டுக்கு மட்டும் நேரம் உறுதி, மத்தது இடம் இருந்தாதான்னு அடியில பொடி எழுத்துல இருக்கலாம். ஆட்டம் தொடங்கற நேரத்துக்கு டீ டைம்னு பேர். (நீங்க நினைக்கற டீ இல்லை!) ஒரு குரூப்புக்கு அதிகபட்சம் நாலு பேர். நம்ம ஆறு பேர் மூணு மூணா ரெண்டு குரூப். அதனால அடுத்தடுத்த ரெண்டு டீ டைம் எழுத்துல வாங்குங்க. ‘அங்கே போய்ப் பார்த்துக்கலாம்’ங்கறது பிளான் இல்லை, பிரார்த்தனை.

மூணாவது கேள்வி, பக்கி! கோர்ஸுக்குள்ள ஓட்டிட்டுப் போற குட்டி பேட்டரி வண்டி. ‘தங்கறவங்களுக்கு கிரீன் ஃபீ ஃப்ரீ’னு சில ரிசார்ட்டுகள் அள்ளிக் கொடுக்கும். கிரீன் ஃபீங்கறது மைதானத்துல ஆடறதுக்கான கட்டணம். ஆனா பக்கி கட்டாயம், அதுக்கு வாடகை தனி. ஒரு பக்கியில ரெண்டு பேர். ஆறு பேருக்கு மூணு பக்கி. அஞ்சு ரவுண்டுன்னா 15 பக்கி வாடகை. ஃப்ரீயா கிடைச்ச ஆட்டத்துக்கு 15 பில்! இதை முன்னாடியே சொல்லிட்டா நீங்க கெட்டிக்காரர். செக் அவுட் அன்னிக்குத் தெரிஞ்சா... சொல்ல வேணாம்.

நாலாவது, எந்த மைதானம்? இல் ஓ செர்ஃப்னு கிழக்குக் கரையை ஒட்டி ஒரு குட்டித் தீவு. ஜெர்மன் வீரர் பெர்ன்ஹார்ட் லாங்கர் வடிவமைச்ச மைதானம் அங்கே 2003-ல திறந்தாங்க. சுத்தி கடல், நடுவுல குளம். பந்து தண்ணிக்குள்ள போனா கோவிந்தா! புதுசா ஆடறவங்க ஒரு டஜனாவது கூடுதலா கொண்டு போகணும். தீவுக்குப் போறது படகுல. அது யார் செலவுன்னு கேளுங்க. தென்மேற்கே பெல் ஓம்ப்ர்ல ஹெரிட்டேஜ் மைதானம். வடிவமைச்சவர் தென்னாப்பிரிக்காவோட பீட்டர் மட்கோவிச். 2015-ல முதல் மொரிஷியஸ் ஓப்பன் நடந்தது இங்கேதான். ரெண்டையும் ஆடணும்னு ஆசை வரும். மொத்தத் தீவே சுமார் 65 கிலோமீட்டர் நீளம்தான். ஆனா கிழக்கேருந்து தென்மேற்குக்கு ரோட்டுல போறது சிட்டி பஸ் பயணம் மாதிரி. வண்டி வாடகை, பைகளுக்கு இடம்... ரெண்டும் ‘வெளியே’ பக்கத்துல எழுதுங்க.

அஞ்சாவது, ஆடாத அந்த ரெண்டு பேர். இவங்களைத்தான் எல்லாரும் மறப்பாங்க. அவங்க தலையிலயும் கோல்ஃப் காசைக் கட்டிடாம ஆடாதவங்களுக்கான ரேட் கேட்டு வாங்குங்க.

மிச்சம் இருக்கற சில்லறை அப்பளங்கள்: கையில கட்டற ஆல் இன்க்லூசிவ் பட்டை கோல்ஃப் கிளப்ஹவுஸ் கேன்டீன்ல செல்லுமா? வெளிநாட்டுச் சரக்கு அடக்கமா, உள்ளூர் சரக்கு மட்டுமா? விமானத்துல கோல்ஃப் பைக்குத் தனிக் கட்டணமா? ஹேண்டிகேப் சர்ட்டிஃபிகேட், அதாவது ஆட்டத் திறமைக்கான சான்று கேட்பாங்களா? காலர் வெச்ச சட்டை இருக்கா? (ரவுண்டு நெக் டி-ஷர்ட், ஜீன்ஸ் போட்டா பல கிளப்ல வாசலோட டாட்டா!) அப்புறம் 2025 அக்டோபர்லேருந்து அரசாங்கமும் ஒரு அப்பளம் வெச்சிருக்கு. வெளிநாட்டுப் பயணி ஒருத்தருக்கு, ஒரு ராத்திரிக்கு 3 யூரோ வரி. எட்டு பேர், ஏழு ராத்திரி... 168 யூரோ. யார் கட்டறது?

எழுதி முடிச்சுட்டுப் பேப்பரைப் பாருங்க. ‘வெளியே’ பக்கம் நீளமா இருக்கும். பயப்படாதீங்க. அதைக் கூட்டி ஆளுக்கு இவ்வளவுன்னு வகுத்து, பேக்கேஜ் விலைக்குப் பக்கத்துல எழுதுங்க. அதுதான் நிஜ விலை. இப்போ ரெண்டு மூணு பேக்கேஜை ஒப்பிட்டுப் பாருங்க. மலிவா தெரிஞ்சது மேலே போயிருக்கும், காஸ்ட்லியா தெரிஞ்சது கீழே வந்திருக்கும்.

கடைசியா ஒரு அப்பளம்

பிளான் முடிஞ்சுதா? இன்னும் ஒரு வரி பாக்கி. எந்த பேக்கேஜ் அட்டையிலயும் அது பெருசா இருக்காது.

அந்தப் பச்சைப் புல்வெளிக்கு முன்னாடி அங்கே என்ன இருந்துச்சு? கரும்பு! பெல் ஓம்ப்ர் ஒரு பழைய சர்க்கரை எஸ்டேட். அதோட ஆலையை 1999-ல மூடினாங்க. 2004-ல அங்கே கோல்ஃப் மைதானம் வந்துச்சு. மொரிஷியஸ் சர்க்கரைக்கு ஐரோப்பா நல்ல விலை கொடுத்துட்டிருந்தது. 2006-லேருந்து அந்த விலையைப் படிப்படியா 36 சதவீதம் வெட்டிட்டாங்க. கரும்புல காசு இல்லைன்னதும் எஸ்டேட்காரங்க வில்லா, ஹோட்டல், கோல்ஃப்னு திரும்பினாங்க. கரும்புக் காடு பல இடத்துல புல்வெளி ஆச்சு.

அந்தக் கரும்பை வெட்டினது யாரு? 1834-லேருந்து ஒப்பந்தக் கூலிகளா கப்பல்ல போனவங்க. மொத்தம் நாலரை லட்சம் பேருக்கு மேல. பெரும்பாலானவங்க கல்கத்தாவுலேருந்து போனாங்க. சென்னைத் துறைமுகத்துலேருந்து கப்பல் ஏறினவங்களும் ஏராளம். அதுல நம்மாளுங்க நிறைய. தலைநகர் போர்ட் லூயிஸ்ல அவங்க இறங்கின இடம் ‘ஆப்ரவாசி காட்’. கரையேற 16 கல்படி. 2006-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சது. அவங்க கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்துலயும் கூலி, அரிசி, பருப்பு, துணி, தங்க இடம்னு பட்டியல் இருந்துச்சு. ஒரு நாள் வேலைக்கு வரலைன்னா ரெண்டு நாள் கூலி வெட்டுங்கற விதியும் இருந்துச்சு. படிக்கத் தெரியாதவங்க கைநாட்டு வெச்சாங்க. அவங்களுக்கு யாரும் ‘எது அடக்கம் இல்லை’னு படிச்சுக் காட்டலை.

அவங்க பேரன் பேத்திங்க இன்னிக்கு அந்த நாட்டுல டாக்டர், டீச்சர், மந்திரி. தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை. ரூபாய் நோட்டுல தமிழ் எழுத்து இருக்கு. 1998-ல புது நோட்டுல தமிழுக்கு முன்னாடி இந்தி எழுத்தைப் போட்டதும் தமிழர்கள் கொதிச்சுட்டாங்க. அரசாங்கம் அந்த நோட்டையே திரும்ப வாங்கிக்கிச்சு!

அதனால நாலாவது நாள் கட்டத்துல இப்படி எழுதுங்க: ‘காலை - ஆட்டம் இல்லை. போர்ட் லூயிஸ், ஆப்ரவாசி காட்.’ மேனேஜர் ‘‘இது எதுக்குப்பா?’’ன்னு கேட்கலாம். ‘‘சார், நீங்க ஆடப் போற மைதானத்தை நம்மாளுங்க நூறு வருஷம் முன்னாடி கரும்பு வெட்டித் தயார் பண்ணி வெச்சிருக்காங்க. ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வந்துடுங்க’’னு சொல்லுங்க. கோல்ஃப்ல எத்தனை ஸ்ட்ரோக் அடிச்சோம்னு பத்து வருஷம் கழிச்சு மறந்துடும். அந்த 16 படி மறக்காது.

உங்களுக்கும் இது உதவும் பாஸ். நாளைக்கு கேம்பஸ் இன்டர்வியூவுல ஆஃபர் லெட்டர் நீட்டுவாங்க. ‘பேக்கேஜ் இவ்வளவு லட்சம்’னு தடிமனா போட்டிருக்கும். குதிக்கறதுக்கு முன்னாடி நிதானமா உட்கார்ந்து, நடுவுல கோடு போட்டு ரெண்டு பக்கம் எழுதுங்க. பி.எஃப். கழிச்சு கைக்கு எவ்வளவு? போனஸ் நிச்சயமா, ‘இடம் இருந்தா’ டைப்பா? பாண்டு எத்தனை வருஷம்?

அப்பளம் எக்ஸ்ட்ராவான்னு கேட்கறதுல வெட்கமே வேணாம். கேட்காம சாப்பிட்டுட்டு பில்லைப் பார்த்து முழிக்கறதுதான் வெட்கம்!

அடுத்த வாரம் பார்ப்போமா?