குறட்டுக்கு யார் கணக்குக் கேட்பது?

வீட்டுக்காரி குரும்பகரத்துக் கிணற்றடியில் வழுக்கி விழுந்து முட்டிச்சில்லு இரண்டாகப் போன கதையை முன்பே எழுதியிருக்கிறேன். இன்று எழுதுவது அந்தச் சில்லைக் கட்டிய கம்பியைப் பற்றி. இல்லை, கம்பியை முறுக்கிய குறட்டைப் பற்றி.

இரண்டு ஊசிக் கம்பிகளை எலும்புக்குள் செலுத்தி, அவற்றைச் சுற்றி எட்டு வடிவில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைப் போட்டு முறுக்குகிறார்கள். எலும்பைச் சுற்றிக் கம்பி கட்டுவதற்கு எங்கள் பிரெஞ்சில் 'செர்க்லாழ்' என்று பெயர். பீப்பாய்க்கு வளையம் அடிப்பதற்கும் அதே சொல்தான். உடைந்த எலும்பைத் திறந்து சேர்க்கும் சிகிச்சைக்குப் பெயர் வைத்தவர் ஆன்ட்வெர்ப் நகரத்து அல்பேன் லாம்போத். தனக்கு வேண்டிய கருவிகளைத் தானே செய்துகொண்டவர், வயலினும் செய்வாராம். கருவியின் அருமை அவருக்குத் தெரிந்திருந்தது.

முறுக்குவதில் சூட்சுமம் இருக்கிறது. இரண்டு முனையும் ஒன்றையொன்று சமமாகச் சுற்ற வேண்டும். ஒன்று நேராக நிற்க மற்றது அதன்மேல் சுற்றினால் உருவிக்கொள்ளும். இழுத்துக்கொண்டே முறுக்க வேண்டும்; ஒரு சுற்று அதிகமானால் அறுந்துவிடும். வீடு கட்டும் இடத்தில் கம்பி கட்டுகிற ஆளைக் கேளுங்கள், சொல்வார். குறட்டின் வாய் தேய்ந்திருந்தால் கம்பி வழுக்கும். வழுக்கி வழுக்கிக் கம்பியில் விழும் கீறலில்தான் பின்னால் முறிவும் தொடங்கும்.

ஏழாவது வாரம் கட்டு தளர்ந்தது. மறுபடி அறுவை. எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப்போவதில்லை. "குறடு தேஞ்சு போச்சு ஐயா, புதுசு கேட்டு எழுதிக்கொடுத்து ஒரு வருஷம் ஆகுது" என்றார் டாக்டர். அதனால்தான் தளர்ந்தது என்று அவர் சொல்லவில்லை. நானும் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் அந்தக் கடிதம் எங்கே கிடக்கும் என்று எனக்குத் தெரியும். வேறு இலாகாதான் என்றாலும், கொள்முதல் பிரிவில் அப்படிப்பட்ட கடிதங்களின்மேல் பேப்பர் வெயிட் வைத்தவன் நான்.

'குறைந்த விலைக்குத்தானே வாங்க முடியும், விதி அப்படி' என்பார்கள். நானும் சொன்னவன்தான். பொய். கேட்ட தரத்துக்கு உட்பட்டவற்றில் குறைந்த விலை என்பதுதான் விதி. 'குறடு, எஃகு, ஒன்று' என்று மூன்றே சொல்லில் தரத்தை எழுதிவிட்டு விதியின்மேல் பழி போடுவது குமாஸ்தா புத்தி. வாயில் டங்ஸ்டன் கார்பைடு பதித்தது வேண்டும், மாதிரி கொண்டுவா, டாக்டர் கையில் பிடித்துப் பார்க்கட்டும் என்று எழுத எந்த விதி தடுத்தது?

2017-ல் ஸ்டென்டுக்கும் செயற்கை முழங்காலுக்கும் விலை உச்சவரம்பு வந்தது. நல்ல காரியம், கைதட்டினோம். அதே வருஷத்து மருத்துவச் சாதன விதிகளில் இந்த மாதிரிக் கைக்கருவிகள் ஏ வகுப்பு, அதாவது ஆபத்து குறைந்தவை. புதிதாக வாங்கும்போது சரிதான். பத்து வருஷம் கொதிநீராவியில் வெந்து வாய் மழுங்கிய குறடு எந்த வகுப்பு?

அறுவை அரங்கில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு துண்டுக் கம்பியைக் கவ்வி இழுத்துப் பார்த்தால் போதும். வழுக்கினால் அன்றே கழித்துக்கட்ட வேண்டும். அதற்குக் கழிவுக் குழு கூடி மூன்று கையெழுத்து ஆகும்வரை காத்திருக்கக் கூடாது. அரங்கில் இருக்கும் டாக்டரின் ஒரு கையெழுத்து போதும் என்று புதுச்சேரி அரசு ஓர் ஆணை போடட்டும். நகல் எடுத்துக் காரைக்காலுக்கு அனுப்ப அரைநாள் வேலை. நானே செய்திருக்கிறேன், வேறு எத்தனையோ உதவாத ஆணைகளுக்கு.